நேர்கோடு

டீச்சரம்மா திருவாசகத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கால்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. திராபுக் விடுதி முற்றத்து மண்ணில் கைத்தடியால் நான் ஒரு கோடு கீறி, அதன்மேல் ஒரு காலின் குதியை மறுகாலின் பெருவிரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்லியிருந்தேன். நாலாவது அடியில் இடப்பக்கம் சாய்ந்தார். பிடித்துக்கொண்டேன். மறுபடி நடந்தார், மறுபடி சாய்ந்தார். எதிரே மேகம் விலகிக் கயிலையின் வடக்கு முகம் நின்றது.

"விட்டுடுங்க தம்பி. போறதா இருந்தா இங்கேயே போறேன். இதைவிட எனக்கு என்ன வேணும்?"

தஞ்சாவூரில் பதினைந்து வருஷம் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தவன் நான். டீச்சரம்மா வந்திருந்த இந்தக் கயிலை யாத்திரைக் குழுவுக்கு மருத்துவராகப் போக ஒப்புக்கொண்ட பிறகு, காத்மாண்டுவில் மலை மருத்துவப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். படித்ததில் பாதியை அங்கே மறக்க வேண்டியிருந்தது. ஸ்கேன் இல்லை, ஐசியூ இல்லை, வேறு ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பவும் வழியில்லை. 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். மூளை வீங்கத் தொடங்கினால் நடை சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். கோட்டில் நடக்க முடியாதவரை நடுராத்திரி ஆனாலும் இறக்கு, தனியாக மட்டும் விடாதே என்றார்கள். ஆக்சிஜன், டெக்சாமெத்தசோன், ஆளை உள்ளே படுக்கவைத்துக் காலால் பம்ப் அடிக்கும் அழுத்தப் பை எல்லாம் இறங்கும்வரை தாக்குப்பிடிக்கத்தான். இறங்குவதுதான் மருந்து.

மாட்டேன் என்பவரை என்ன செய்வது? ஊரில், தெளிவாக இருக்கும் ஒருவர் சிகிச்சை வேண்டாம் என்றால் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவோம். இங்கே அந்த 'வேண்டாம்' என்பதே நோயின் பேச்சாக இருக்கலாம். அப்படிச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளவும் முடியவில்லை. புறப்பட்ட அன்று, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முறுக்கு கொடுத்துக்கொண்டே, கயிலையிலேயே உயிர் போகட்டும் என்று டீச்சரம்மா இதையேதான் சொன்னார். அன்று அவர் மூளையில் ஒரு குறையும் இல்லை. நான்தான் சிரித்துவைத்தேன்.

ஆக, ஆசை அவருடையதுதான். ஆனால் ஆசைப்படுவது வேறு, முடிவெடுப்பது வேறு. எடுத்த முடிவை மாற்றிக்கொள்ளவும் முடிந்தால்தான் அது முடிவு. மனப்பாடமான பாட்டு வாயில் தானாக ஓடியதே, அதைப் போலத்தான் அந்த ஆசையும் திராபுக்கில் ஓடிக்கொண்டிருந்ததாக எனக்குப் பட்டது. தப்பாகவும் இருக்கலாம். 8 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் போட்டு, ஆக்சிஜன் மாட்டி, ஜீப்பில் ஏற்றினேன். டிரைவரும் நானும் தூக்கித்தான் ஏற்றினோம். மற்றவர்கள் மறுநாள் டோல்மா லா கணவாய் ஏறினார்கள். அவர்களை மருத்துவர் இல்லாமல் அனுப்பியது தனிக் கணக்கு, அதை இங்கே எடுத்தால் கட்டுரை முடியாது. நாங்கள் முதலில் டார்ச்செனுக்கு இறங்கினோம், பிறகு இன்னும் கீழே தக்லாகோட்டுக்கு. அங்கே இரண்டாம் நாள் காலை டீச்சரம்மா கோட்டில் நேராக நடந்தார். என்னோடு பேசவில்லை.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் அப்பர். பெரிய புராணத்தில் அவர் கயிலைக்குப் போகிறார். பாதம் தேய்கிறது. கையால் தவழ்கிறார், மார்பால் நகர்கிறார், கடைசியில் புரள்கிறார். முனிவர் வேடத்தில் வந்த இறைவன் திரும்பிப் போ என்கிறார். அப்பரும் நம் டீச்சரம்மா மாதிரிதான், மாட்டேன் என்கிறார். பிறகு பொய்கையில் மூழ்கச் சொல்ல, மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, அங்கேயே கயிலையைக் காண்கிறார். எந்த ஜீப்பும் அவ்வளவு வேகமாக இறக்காது. பக்தனை மலையிலேயே சாகவிடாமல் காவிரிக்கரைக்குக் கொண்டுவந்தது சிவனே அல்லவா, நான் செய்ததும் அதுதானே என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்த வருஷம் ஆடி அமாவாசைக்கு, அப்பருக்குக் கயிலைக் காட்சி தரும் விழாவுக்காகத் திருவையாறு போயிருந்தேன். பிராகாரக் கூட்டத்தில் டீச்சரம்மா. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. முழுக்கக் கேட்டார்.

"அப்பரை இறங்கச் சொன்னது சாமி, தம்பி. என்னை இறக்கினது நீங்க."

சொல்லிவிட்டு, கையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினார்.