நூலுக்கு ஏற்ற காற்று

தொழிலகத்தில் வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும், களைத்தவர் இருக்க ஓர் ஆசனம் வேண்டும் என்று கேட்டால், இன்று எந்த முதலாளியும் வெளிப்படையாக மறுப்பதில்லை. சூழ்நிலை திருந்தினால் உற்பத்தி பெருகும் என்று அவரே நமக்கு எடுத்துரைப்பார். நம்முட் பலரும் அந்த நியாயத்தையே கையிலெடுத்துக்கொண்டு அவரிடம் செல்கின்றோம். அது பொய்யன்று, சில வேளைகளிற் பயன்பட்டும் இருக்கின்றது. ஆயினும் நமது முழுப் பாரத்தையும் அதன்மேல் ஏற்றலாமா?

வெள்ளவத்தையில், ஹவ்லொக் வீதிப் பக்கமாக இன்று மாடி வீடுகள் வானளாவி நிற்கும் நிலத்தில், முன்பு பெரியதொரு நூற்பு நெசவாலை இருந்தது. அந்தத் தொழிலைக் கொண்டே இக்கேள்வியை ஆராய்வோம்.

பருத்தி நூலுக்கு ஈரக்காற்று வேண்டும். காற்று வறண்டால் இழை அறும். இழை அறுந்தால் தறி நிற்கும். அதனால் இங்கிலாந்தின் லங்காசயர் ஆலைகளிலே தறிக்கூடங்களுக்குள் நீராவியைச் செலுத்தினார்கள். நூல் அறாமல் ஓடியது. தறியருகே நின்றவர்களோ நனைந்த உடையுடன் மாரிக்காலத் தெருவில் இறங்கி வீடு சென்றார்கள். நெசவாளர் ஓயாது முறையிட்டதன் பின்னரே, 1889 இல், அந்த ஈரத்துக்கு எல்லை வகுக்கும் சட்டம் பிறந்தது. நூற்கும் பகுதியிலோ பருத்தித் தூசு. ஓய்வுநாள் கழிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினால் நெஞ்சு இறுகி மூச்சு முட்டும். நாட்போக்கில் நுரையீரலே கெட்டுவிடும். அந்நோய்க்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே ஒரு பெயர் உண்டு.

உற்பத்தியே அளவுகோலானால், அந்த நீராவி நல்ல சூழ்நிலை என்றே நாம் தீர்ப்பளிக்க நேரும். நூலுக்கு ஏற்ற காற்றும் நுரையீரலுக்கு ஏற்ற காற்றும் ஒன்றாயிருக்கும் வரைதான் முதலாளி நம் நண்பர். இரண்டும் பிரியுமிடத்தில் அவர் நூலின் பக்கம் நிற்பார். அவர் நெஞ்சு கல் என்பதாலன்று. அவருடைய கணக்கேடு அப்படி.

முகாமைத்துவம் கற்கும் மாணவர் எல்லாரும் ஹாதோர்ன் ஆய்வுகளை அறிவர். அமெரிக்காவில் சிக்காகோவுக்கு அண்மையிலிருந்த அத்தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை அவை நடந்தன. விளக்கொளியைக் கூட்டிப் பார்த்தார்கள், உற்பத்தி ஏறியது. குறைத்துப் பார்த்தார்கள், அப்போதும் பெரிதாக வீழவில்லை. தம்மை ஒருவர் கவனிக்கின்றார் என்னும் உணர்வே காரணம் எனப் பலர் முடிவு கட்டினர். பின்வந்தோர் அம்முடிவை வன்மையாக ஐயுற்றனர் என்பது வேறு. ஆனால் மங்கிய விளக்கே போதும் என்று சொல்ல ஒரு முதலாளிக்கு அங்கே வழி பிறந்துவிடுகின்றதல்லவா? அவ்வாய்வின் இன்னொரு செய்தியை மாணவர் அதிகம் அறியார். தனியறையில் வைத்து ஆராயப்பட்ட பெண்களுள் இருவர், மிகையாகப் பேசுகின்றனர், ஒத்துழைக்கவில்லை என்று 1928 இல் அகற்றப்பட்டு, வேறிருவர் அமர்த்தப்பட்டனர். சூழ்நிலையை அளக்க வந்தவர்கள், வாய்திறந்து பேசும் உரிமையைச் சூழ்நிலையிற் சேர்க்கவில்லை போலும்!

பேச்சுரிமை என்றதும் மீண்டும் வெள்ளவத்தை நினைவுக்கு வருகின்றது. அந்த ஆலையின் தொழிலாளர் 1933 இல் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுட் பெரும்பாலோர் மலையாளிகள். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இடதுசாரி இளைஞர் அவர்களுக்குத் துணை நின்றனர். கொழும்புத் தொழிலாளரின் பெருந்தலைவராக அதுவரை விளங்கிய ஏ. ஈ. குணசிங்காவோ எதிர்ப்பக்கம் நின்றார். உழைப்பவன் எந்த இனத்தவன் என்ற கேள்வி அங்கே கிளப்பிவிடப்பட்டது. பக்கத்துத் தறியில் நிற்பவனைப் பகைவனாகக் காணும் கூடத்தில் எத்தனை யன்னலைத் திறந்தாலென்ன?

இன்று அவ்வூரிலே காலி வீதியின் இருமருங்கும் புடைவைக் கடைகள். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்து ஒரு கடையில் வேலை செய்பவள் நம்மிடம் பயின்ற மாணவி. காலையில் நிற்கத் தொடங்கினால் இரவு கடை பூட்டும்வரை நிற்கின்றாள். குளிரூட்டியும் கண்ணைப் பறிக்கும் விளக்குகளும் அங்கே உண்டு. "நல்ல வசதியான இடந்தானே, பிள்ளை?" என்று அறியாமற் கேட்டுவிட்டோம்.

"அதெல்லாம் சீலைக்கும் வாங்க வாற ஆக்களுக்கும், சேர்," என்றாள்.

கேரளத்தில் 2018 இலும் தமிழ்நாட்டில் 2021 இலும், கடைகளில் வேலை செய்வோருக்கு ஆசனம் அளிக்க வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. கேரளத்தில் அதற்காகப் போராடிய பெண்கள், உட்கார்ந்தால் விற்பனை கூடும் என்று நிறுவிவிட்டா கேட்டார்கள்? கால் வீங்குகின்றது என்று கேட்டார்கள். நம் நாட்டின் 1942 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் காற்று, வெளிச்சம், இடநெருக்கடி பற்றிய விதிகளைச் சுகாதாரம் என்ற பகுதியிலேதான் வைத்திருக்கின்றது.

வறிய நாடு முதலில் உற்பத்தியைப் பெருக்க வேண்டாமா என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். வேண்டும், துணியும் சோறும் வானத்திலிருந்து விழா. ஆனால் பெருக்கத்தையே அளவுகோலாக்கும் பிழையில் நம் பக்கத்தாரும் வீழ்ந்ததுண்டு. 1935 இல் சோவியத் சுரங்கமொன்றில் ஸ்தகானோவ் ஒரே வேலைமுறையில் 102 தொன் நிலக்கரி வெட்டியதை உலகெங்கும் கொண்டாடினோம். அவர் பின்னே மரத்தூண் நாட்டிக்கொண்டு நின்ற துணையாளர் இருவரின் பெயரை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? அம்மாணவனுக்கு இதைச் சொன்னோம். அவன் முற்றாக ஒப்புக்கொண்டான் என்று சொல்வதற்கில்லை.

சென்ற மாதம் அக்கடைக்குப் போயிருந்தோம். சீலை வந்திறங்கிய மரப்பெட்டியொன்றைப் பின்மூலையிற் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். வாங்குவோர் இல்லாத வேளைகளில் பெண்கள் ஒருவர் மாறி ஒருவர் அதில் இருக்கலாமாம். முதலாளியின் கார் வரும் சத்தம் கேட்டால் எழும்பிவிட வேண்டும்.