நசிகேதன் கேட்ட முதல் வரம்

கடோபநிஷதத்தை மரணத்தின் ரகசியத்தை விளக்கும் நூலாகவே நாம் போற்றுகிறோம். ஆனால் அது தொடங்குவது ஒரு தந்தைக்கும் மகனுக்கும் இடையே எழுந்த மனத்தாங்கலில்.

உடைமை அனைத்தையும் தானமளிக்க வேண்டிய வேள்வியை வாஜசிரவஸ் செய்கிறார். தானத்திற்கு வந்த பசுக்களோ பால் வற்றியவை. இனிப் புல் தின்னவும் நீர் பருகவும் இயலாதவை. அதைக் கண்ட சிறுவன் நசிகேதனின் உள்ளத்தில் சிரத்தை எழுகிறது. இத்தகைய தானம் தந்தைக்கு நற்கதி தராதே என்று கவலையுறுகிறான். தானும் அவருக்கு உரியவன் அல்லவா? தன்னை யாருக்குத் தரப்போகிறார் என்று கேட்கிறான். பதில் இல்லை. மீண்டும் கேட்கிறான், மூன்றாம் முறையும் கேட்கிறான். சினம் மூண்ட தந்தை, அவனை எமனுக்குக் கொடுத்துவிட்டதாகக் கூறிவிடுகிறார்.

மகன் கேட்டது கவலையால். தந்தை அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டார். வேள்வியின் பெருமையில் ஆழ்ந்திருந்த அவரை, அங்கே மிகவும் கூர்ந்து கவனித்தவன் அந்த மகனே. அவர் கவனிக்கத் தவறியதும் அவனைத்தான். முதல் கேள்விக்கே அவர் செவிசாய்த்திருந்தால், அந்தக் கடுஞ்சொல் பிறந்திராது.

நம் இல்லங்களிலும் இதுவே நிகழ்கிறது. மகளின் மதிப்பெண்களை உறவினரிடம் பெருமையுடன் சொல்லும் தாய், அதே மகள் அருகில் வந்து ஏதோ சொல்லத் தயங்கி நிற்பதைக் காண்பதில்லை. பெற்றோர் தன்னைப் பற்றிப் பெருமைப்படுகிறார்கள், ஆனால் தன்னைக் கவனிப்பதில்லை என்று அவள் எண்ணுகிறாள். மறுபுறம், வெளியூரில் பணிபுரியும் மகனிடம் "சாப்பிட்டாயா? எப்போது வருவாய்?" என்று தந்தை தொலைபேசியில் தினமும் கேட்கிறார். அது மகனுக்குக் கண்காணிப்பாகத் தோன்றுகிறது. அன்பைச் சொல்ல அந்த முதியவருக்குத் தெரிந்த சொற்கள் அவ்வளவுதான் என்பதை அவன் அறிவதில்லை.

எமனின் இல்லத்தில் மூன்று இரவுகள் உணவின்றிக் காத்திருந்த நசிகேதனுக்கு மூன்று வரங்கள் கிடைக்கின்றன. மரணத்திற்குப் பின் எஞ்சுவது எது என்று அவன் கேட்ட மூன்றாம் வரத்தை அனைவரும் அறிவோம். முதல் வரமாக அவன் கேட்டதென்ன? தந்தையின் சினம் தணிய வேண்டும். அவர் மனம் அமைதியுற வேண்டும். திரும்பி வரும் தன்னை அடையாளம் கண்டு அன்புடன் ஏற்க வேண்டும். தந்தை தம் பிழையை உணர வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. தான் கேட்டது சரியே என்று நிறுவவும் முயலவில்லை.

தவறு பெற்றோருடையதாக இருக்கையில் பிள்ளை ஏன் இறங்கி வர வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. நசிகேதன் உண்மையை விட்டுக்கொடுக்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டான். ஆனால் உண்மையைச் சொன்னதோடு தன் கடமை முடிந்ததாக அவன் கருதவில்லை. மனத்தாங்கலின் காரணம் யாருக்கு முதலில் விளங்குகிறதோ, அதைத் தீர்க்கும் பொறுப்பும் முதலில் அவரையே சேர்கிறது. அவர் வயதில் சிறியவரா பெரியவரா என்பது பொருட்டன்று.

நசிகேதனின் சிரத்தையைச் சுவாமி விவேகானந்தர் பலமுறை போற்றியுள்ளார். மரணத்தின் முன் அஞ்சாது நின்ற அந்தச் சிரத்தைதான் தந்தையின் மன அமைதியை முதலில் வேண்டியது. ஆத்ம ஞானத்தை நாடும் நாமும், நம் வீட்டில் யாருடைய கேள்வி பதிலின்றி நிற்கிறது என்று இன்றே எண்ணிப் பார்ப்போமாக.