கேமரா பழகும் வரை

கொல்கத்தா நெடுஞ்சாலையில் புதுவாயலைக் கடந்து காலையில் இரண்டு வகைப் பேருந்துகள் போகின்றன. ஒன்று பொறியியல் கல்லூரிப் பேருந்து. மற்றது கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஆளேற்றிப் போவது. இரண்டிலும் பெண்கள் உண்டு; வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் பேருந்தில் போகிறவள் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கப் படிக்கிறாள். இரண்டாவதில் போகிறவளிடமிருந்து இயந்திரம் கற்றுக்கொள்கிறது. இவளுக்கு யாராவது ஏதாவது கடன்பட்டிருக்கிறார்களா என்பதே என் கேள்வி.

'சைபர்-பிசிக்கல் அமைப்புகள்' என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. உணரி அறிகிறது, கணினி கணக்கிடுகிறது, மோட்டார் நகர்கிறது, நகர்ந்ததை உணரி மறுபடி அறிகிறது. இந்தச் சுற்றுதான் அது. 2006 வாக்கில் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையில் இருந்தபடி இதற்குப் பெயர் சூட்டியவர் ஹெலன் கில் என்ற பெண். இங்கே 2018 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை இதற்காகவே 3,660 கோடி ரூபாயில் ஒரு தேசியத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நாடு முழுக்க 25 மையங்கள், சென்னை ஐ.ஐ.டி.யின் பிரவர்த்தக் அவற்றில் ஒன்று. உணரிகளும் கட்டுப்பாட்டு அமைப்புகளும் அதன் களம்.

என்னிடம் தமிழ் இலக்கியம் படித்த ஒரு பெண், பட்டம் வாங்கிய கையோடு இந்தப் பகுதி ஆலை ஒன்றில் ஒப்பந்தத்துக்குச் சேர்ந்தாள். வார்ப்புப் பாகங்களைக் கையிலெடுத்து நல்லது கெட்டது பிரிப்பது வேலை. பிசிர், மயிரிழை விரிசல், காற்றுக் குமிழ். விரல் நுனியால் ஒரு தடவு தடவினாலே அவளுக்குத் தெரிந்துவிடும். ஒருநாள் அவள் தலைக்கு மேலே கேமரா பொருத்தினார்கள். அவள் 'ரிஜெக்ட்' பெட்டியில் போடுகிற ஒவ்வொன்றையும் அது படம் பிடித்தது. "கேமரா பழகற வரைக்கும் நீ பாரும்மா" என்றாராம் சூப்பர்வைசர். எட்டு மாதத்தில் அது பழகிவிட்டது. இவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. "அதுக்கு நான்தான் டீச்சர், மேடம்" என்று சொல்லிச் சிரித்தாள்.

கூலி கொடுத்தாயிற்றே என்பார்கள். கூலி எட்டு மணி நேரத்துக்கு, அன்றைய பெட்டிகளுக்கு. இனி வரப்போகும் எல்லாப் பெட்டிகளையும் பிரிக்கப்போகிற அந்தத் தீர்ப்பை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டதற்கு யாரும் விலை பேசவில்லை. எடுக்கிறோம் என்று சொல்லவுமில்லை.

பெண்களின் கையறிவு நம் கல்லூரிகளின் ஆய்வுக்குள் போவது புதிதல்ல. 1974இல் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலத்தைக் கணினிக்கான இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். மூவரில் இருவர் பெண்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அந்த ஆய்வால் எந்தப் பெண்ணும் தன் வாசலை இழக்கவில்லை. மறுநாள் விடியற்காலையிலும் கோலமாவு அவள் கையில்தான் இருந்தது. ஒருவரிடமிருந்து கற்பதில் தவறில்லை. கற்றதைக் கொண்டே அவரை வெளியே அனுப்புவதுதான் என்னை உறுத்துகிறது.

இதற்காக நான் பழைய ஆலையைப் போற்ற மாட்டேன். பவர் பிரஸ்ஸில் விரல் போனவர்களைக் கண்டவர் யாரும் போற்ற மாட்டார்கள். இரண்டு கையாலும் பொத்தானை அழுத்தினால்தான் அச்சு இறங்கும் என்ற ஏற்பாடு எத்தனையோ கைகளைக் காத்திருக்கிறது. உற்பத்திக் கணக்குக்காக அதில் ஒரு பொத்தானைக் கட்டிவைக்கிற வழக்கமும் உண்டு. விரலைக் காப்பாற்றுகிற இயந்திரம் வரட்டும். ஆனால் அதன் உள்ளே கைவைக்கும் வேலை யாருக்கு? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் இயக்கு பாகங்களைத் துடைக்கவும் எண்ணெயிடவும் சரிசெய்யவும் பெண்களை விடக்கூடாது என்றது. பாதுகாப்புக்காகத்தான். ஆனால் இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து பார்த்துத் தொழில் கற்கும் வழியும் அத்தோடு அடைபட்டது. பழுது பார்ப்பவன் பிறகு பி.எல்.சி. நிரல் எழுதுகிறவன் ஆனான். பொறுக்கிப் பிரித்தவள் பொறுக்கிப் பிரிப்பவளாகவே இருந்தாள்.

லிசன் பெய்ன்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983இல் எழுதிய 'தானியக்கத்தின் முரண்கள்' என்ற கட்டுரையை இத்துறைப் படிப்பில் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். வடிவமைப்பவர், நம்ப முடியாதவர் என்று மனிதரை ஒதுக்குகிறார்; தானியக்கத்தில் அடக்கத் தெரியாத மிச்சங்களை அதே மனிதர் தலையில் கட்டுகிறார். தினம் செய்து பழகிய கை சும்மா கிடந்து மறந்துபோன பிறகு, எல்லாம் கோளாறாகும் வேளையில் "வந்து காப்பாற்று" என்கிறார். ஆலையில் வார்ப்பு மணலின் தரம் மாறினால் புதுவிதக் குமிழ் வரும். கேமரா கண்டிராத குமிழ். அப்போது மறுபடி ஒரு பெண்ணை உட்கார வைப்பார்கள், புது ஒப்பந்தத்தில், பயிற்சியாளர் சம்பளத்தில்.

மருத்துவ ஆய்வில் ஒருவர் உடலைத் தொடுமுன் ஒப்புதல் கேட்க வேண்டும் என்று நெறி வகுத்திருக்கிறோம். ஒருவர் விரல் நுனியின் தீர்ப்பை எடுக்கும்போதும் கேட்கலாம். அந்தத் தரவைத் தந்தவர்கள் இன்னார் என்று ஆய்வேட்டில் எழுதலாம். கேமராவைப் பராமரிக்கும் வேலைக்கு அதைப் பழக்கியவளையே முதலில் எடுக்கலாம். நிரலெழுத மூன்று மாதப் பயிற்சி போதாதென்றால் ஆறு மாதம் தரலாம். முதல் பேருந்தில் போகிற பெண்களுக்கும் ஒன்று சொல்வேன்: இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தரவு கையில் வரும்போது, "இதை யார் பிரித்துக் கொடுத்தார்கள், அவர்கள் இப்போது எங்கே?" என்று வழிகாட்டியிடம் ஒருமுறை கேளுங்கள்.