முதற் காணிக்கை



ஒக்டோபர் மாதத்தின் இறுதிக்கு முந்திய ஞாயிறு, உலக மறைபரப்பு ஞாயிறு. அன்று உண்டியல் நம் முன்னே வருகிறது, இயன்றதை இடுகிறோம். இட்டதும், "என் கடமை தீர்ந்தது" என்ற நிம்மதி பிறக்கிறது. அந்த நிம்மதியை நாம் சற்று ஆராய வேண்டும்.

லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தை விரித்துப் பாருங்கள். அறுவடையோ மிகுதி, வேலையாட்களோ குறைவு. இதைக் கண்ட ஆண்டவர் தம் சீடரிடம் முதலிற் கேட்டது செபம். பணப்பையைப் பற்றியும் அவர் பேசினார். அதைக் கொண்டு போக வேண்டாம் என்பதற்காகவே பேசினார்!

நம் நாட்டு வரலாறே இதற்குச் சான்று. ஒல்லாந்தர் ஆட்சியில், அரசாங்கச் சபையைச் சேர்ந்தவர்க்கே உத்தியோகம் கிடைத்தது. கத்தோலிக்கக் குருக்கள் உள்ளே வரத் தடை. அந்த நாளில், 1687ஆம் ஆண்டு, கோவையிலிருந்து புனித யோசேவாஸ் அடிகள் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். கொடுப்பதற்கு அவரிடம் காசுமில்லை, பதவியுமில்லை. கழுத்திலே ஒரு செபமாலை மட்டும் தொங்கியது. அதைக் கண்டே நம் முன்னோர் அவரை இனங்கண்டனர். 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியபோது, சலுகைக்காகப் பெயர் பதிந்தோர் பெருந்தொகையாய் விலகிப் போயினர். செபத்தில் வேரூன்றியிருந்த விசுவாசமோ நிலைத்து நின்றது.

எவரையும் பழிப்பதற்காக இதைக் கூறவில்லை. செபமில்லாமற் கொடுத்தால் நம்முடைய உதவிக்கும் இதே கதிதான். பொருளுக்காக வருபவன், பொருள் தீர்ந்ததும் போய்விடுவான். கொடுக்கிறவனும் வாங்குகிறவனைத் தன் சகோதரனாக எண்ணாமல் கடனாளியாக எண்ணத் தொடங்குவான்.

"பசித்தவனுக்குச் செபம் சோறாகுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வெறுங் கையோடு வாழ்த்தி அனுப்புவதை யாகப்பரும் தம் நிருபத்தில் கண்டிக்கிறார். ஆனால் உண்மையான செபம் கையைக் கட்டிப்போடுவதில்லை. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி மக்கள் அஞ்சி ஓடியபோது, நோயாளரைத் தம் கையாலேயே பராமரித்தவர் அதே யோசேவாஸ் அடிகள்தாம். முழந்தாளில் நின்ற மனிதரே அங்கே தொண்டும் செய்தார்.

பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் பவுலின் ஜாரிக்கோ என்ற பெண்மணி வித்திட்ட விசுவாசப் பரப்புதற் சங்கம் 1822இல் உருவாயிற்று. அங்கத்தவர் வாரத்துக்கு ஒரு சிறு நாணயம் கொடுத்தனர், நாள்தோறும் செபித்தனர். நாணயத்துக்கு வாரம் ஒரு நாள், செபத்துக்கோ ஏழு நாளும்! மறைபரப்புக்கு நிதி திரட்ட வழிகாட்டிய அவரே, பிற்காலத்தில் தொழிலாளர் நலனுக்காகச் செய்த முயற்சியில் ஏமாற்றப்பட்டு, 1862இல் ஏழையாய் இறந்தார். அவர் பணம் போயிற்று, செபம் நின்றது. 2022இல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது.

சிறுமலர் தெரேசம்மாளை நினையுங்கள். 15 வயதில் கார்மேல் மடம் புகுந்து, 1897இல் 24 வயதில் அங்கேயே மரித்தவர். மறைத்தூதர் இருவருக்காகச் சிறப்பாகச் செபித்து வந்தார். 1927இல் 11ஆம் பத்திநாதர், கடல் கடந்து உழைத்த புனித சவேரியாருக்கு இணையாக அவரையும் மறைபரப்பின் பாதுகாவலியாக்கினார்.

இதில் நமக்கொரு ஆறுதல் உண்டு. உண்டியலின் முன் பணக்காரனும் ஏழையும் ஒன்றல்லர். ஆனால் பாயில் படுத்திருக்கும் பாட்டியும், பள்ளி செல்லும் பாலகனும், கூலி கிடைக்காமல் வீடு திரும்பிய தகப்பனும் செபத்தால் மறைத்தூதர் ஆகலாம். பணத்தைச் சிலரே நிறையக் கொடுக்க முடியும். நேரத்தை எல்லோரும் கொடுக்கலாம். ஆயினும் நேரத்தைக் கொடுக்கத்தான் நாம் அதிகம் தயங்குகிறோம்!

ஆகவே, பெற்றோரே, இன்றிரவு தொலைக்காட்சியையும் கைத்தொலைபேசியையும் சற்று ஓய வையுங்கள். பிள்ளைகளை அருகே அழைத்துச் செபமாலை சொல்லுங்கள். அதில் ஒரு பத்து மணியை, தூரதேசத்தில் தனிமையிலும் நோயிலும் உழைக்கும் ஒரு குருவுக்காகவோ கன்னியருக்காகவோ ஒப்புக்கொடுங்கள். அவர் பெயர் நமக்குத் தெரியாது, இறைவனுக்குத் தெரியும்.

அதன்பின் ஞாயிறன்று உண்டியலுக்கு உங்கள் காணிக்கையைத் தாராளமாகக் கொண்டு வாருங்கள்.