ஆணித்துளை

உடைந்த வள்ளத்தின் ஏராக் கட்டையில் குங்குமச் சிமிழ் கடைகிறேன். மரம் சாவண்டலை. ஆங்கிலேயர் திருகோணமலையின் பெயராலேயே அதை அழைத்தார்கள். "அண்ணை, ஆணித்துளையை அடைச்சுவிடுங்கோவன்" என்கிறான் பெடியன். உளி இன்னும் ஆழம் போனாலும் துருக்கறை தெரிகிறது.

பழையது அழிந்தால்தான் புதியது பிறக்குமா? 1620களில் போர்த்துக்கேயர் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களால் கோட்டை கட்டினார்கள். கல்வெட்டுள்ள கல்லொன்று இன்றும் கோட்டை வாசலில் நிற்கிறது. ஆன்மாவின் ஆணவத்தைச் செம்பின் களிம்புக்கு ஒப்பிடும் சைவ சித்தாந்தம், முத்தியிலும் அது அழியாது, வலிமைதான் ஒடுங்கும் என்கிறது.

கறை இருக்கட்டும். மூடி இறுகப் பொருந்தினால் போதும். உள்ளே குங்குமம் சிந்தாது.