பண்டிகையும் அளவும்

"பண்டிகை நாளிலுமா அளவு பார்ப்பது?" என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே பலர் உளர். தீபாவளி நெருங்குங்கால், வயிற்றையும் பணப்பையையும் சற்றுக் காத்துக்கொள்ளுமாறு எவரேனும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டால், உடனே இக்கேள்வி பிறந்துவிடும். இதனை அறியாமையின் கேள்வி என்று ஒதுக்கிவிடுவது சீர்திருத்தம் பேசுவோருக்கு எளிது. ஆனால் அங்ஙனம் ஒதுக்குதல் முறையன்று என்பது நமது கருத்து. கேள்விக்குள் ஒரு நியாயம் இருக்கின்றது. முதலில் அதனைப் பார்த்துவிட்டுப் பின்னர் மறுமொழி கூறுவோம்.

நெகிரி செம்பிலானில் சிரம்பானைச் சூழ்ந்தும், போர்ட்டிக்சன், ரந்தாவ், பகாவ், கெமாஸ் பக்கங்களிலும் ரப்பர் செழித்திருந்த காலத்துத் தோட்ட வாழ்வை நினைத்துப் பாருங்கள். பொழுது புலருமுன் பெரட்டு. அங்கே ஆளை எண்ணுவர். அவனுக்குரிய நிரையில் மரத்தை எண்ணி விட்டிருப்பர். ஓர் ஆளுக்கு நானூறு, ஐந்நூறு மரம் என்பது சாதாரணக் கணக்கு. விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்கு ஓடும் என்பதனால் அவன் உறக்கத்துக்கும் அளவு வேறொருவர் வகுத்ததே. பாலைச் சுமந்து கொட்டகைக்கு வந்தால் அதனையும் நிறுப்பர்; நிறுத்ததோடு அமையாது, தண்ணீர் போக எவ்வளவு ரப்பர் தேறும் என்றும் சோதித்துக் கணக்கெழுதுவர். ஆண்டு முழுவதும் பிறர் கையிலிருந்த அளவுகோலுக்குள் வாழ்ந்த ஒருவன், ஆண்டுக்கு ஒருநாள் அளவின்றி உண்டு, அளவின்றிக் கொடுத்து, அளவின்றிச் சிரித்தால், அதனைப் பெருந்தீனி என்று மட்டும் பெயரிட்டு ஏசுவது எங்ஙனம் பொருந்தும்? அன்று ஒருநாள் அவன் தனக்குத் தானே துரை. "அளவோடிரு" என்று நாம் உபதேசிக்கும்போது, அவன் செவிக்கு அது கிராணியின் குரலாகவே கேட்டிருந்தால் குற்றம் அவனுடையதன்று.

நிற்க. அந்த ஒருநாளாவது மெய்யாகவே அவனுடையதாயிருந்ததா என்று கேட்போம்.

தீபாவளி வருவது அக்டோபர், நவம்பர் மாதங்களில். இத்தேசத்தின் மேற்குப் பக்கத்தில் அவை மழை மிகுந்த மாதங்கள். நனைந்த மரத்தை வெட்டுதல் கூடாது; வெட்டிய பின் மழை கொட்டினால் மங்கில் உள்ள பால் நீரோடு நீராய் வழிந்துபோகும். ஆகவே செலவு மிகும் மாதத்திலேயே வேலைநாள் குறையும், கூலியும் குறையும். எனினும் துணி எடுத்தாக வேண்டும். பங்கு ஆட்டுக்குப் பணம் கட்டியாக வேண்டும். பலகாரத்துக்கு எண்ணெயும் மாவும் வந்தாக வேண்டும். முன்பணம், கடைக்கடன், கூட்டுச் சீட்டு ஆகிய இவற்றைக் கொண்டுதான் அந்நாள் ஒப்பேறும். பொங்கல் வந்த பிறகும் தீபாவளிக் கடன் தீராத குடும்பங்கள் எத்தனையோ! அளவில்லாத ஒருநாள் என்று நாம் எண்ணியது, கடைக்காரர் பேரேட்டில் காசுக்குக் காசு அளந்து எழுதப்பட்டிருந்தது.

கள்ளுக்கடையின் கதை இதனினும் தெளிவானது. பிரிட்டிஷார் ஆட்சிக் காலத்தில் தோட்டங்களுக்குள்ளேயே கள்ளுக்கடைகள் நடந்தன. அவற்றின் இலாபம் தொழிலாளரின் நலனுக்கே செலவிடப்படுவதாகச் சொல்லப்பட்டது. இந்த ஏற்பாட்டின் தர்மத்தைச் சற்றே ஆராய்வோம். தகப்பன் குடித்த காசில் ஒரு பங்கு பிள்ளையின் நன்மைக்கென்று திரும்பி வருகின்றது. அவன் மிகுதியாகக் குடித்தால் நன்மையும் மிகுதி! தீமையைக் கொண்டே நன்மைக்கு நிதி சேர்ப்போர், அத்தீமை குறைவதை மனமார விரும்புவது அரிது. "கூலிக்காரனுக்குக் குடி இயற்கை, கள்ளில்லாவிடில் வேலை செய்யான்" என்று துரைமார் கூறியதை, நம்மவரிலும் கற்ற சிலர் தலையசைத்து ஏற்றதுண்டு.

அந்தக் கூற்றைப் பொய்யாக்கியவர் தொழிலாளரே. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலியுயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தனர். அதற்கு அரசாங்கம் அளித்த விடை துருப்புகளும் துப்பாக்கிச் சூடும், தலைவர் ஆர். எச். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். யுத்தம் முடிந்தபின் 1947-இல் கெடாவிலே தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கிப் போலீஸாரோடு மோத நேர்ந்தது. இவர்களுக்கு மதுவிலக்கைப் பற்றி நூல் எழுதி எவரும் கற்பிக்கவில்லை. தம் லயத்தில், தம் வீட்டில் கண்டதே போதுமாயிருந்தது. நாம் இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அளவைக் கண்டு அஞ்சிய கூட்டமன்று அது. தன் அளவைத் தானே வகுக்கத் துணிந்த கூட்டம். ஆகவே கேள்வி, பண்டிகைக்கு அளவு வேண்டுமா என்பதன்று. அந்த அளவை வகுப்பவர் யார் என்பதே.

கள் போனபின் குடியும் போயிற்று என்று மகிழ்தற்கில்லை. அதனிடத்தில் சம்சு வந்தது. சாயங்காலத்துக்குள் புளித்துப்போகும் தென்னங்கள் எங்கே, பன்மடங்கு காரமேறிய வடிசாராயம் எங்கே! சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு புட்டிகளில் அது நெடுங்காலம் மலிவாய் விற்றது. 2017 டிசம்பர் முதல் அத்தகைய கலவை மதுவை 700 மில்லிலிட்டருக்குக் குறைந்த புட்டியில் விற்றலாகாது என்றும், 21 வயது நிரம்பாதவர்க்கு மது விற்றலாகாது என்றும் சட்டம் வந்தது. சட்டம் நல்லதே. ஆயினும் மறு ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரிலும் அக்கம்பக்கத்திலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்து 40 பேருக்கு மேல் மாண்டனர். மலிவைத் தேடுகிறவன் ஏழை; விஷமும் ஏழையைத் தேடியே வருகின்றது.

இனி உணவைப் பற்றிப் பேசுவோம். இங்கே நமது கூற்றுச் சிலருக்குக் கசக்கும்.

திருக்குறளின் அதிகார வைப்பில் ஒரு நயம் உண்டு. 93-ஆவது அதிகாரம் கள்ளுண்ணாமை, 94-ஆவது சூது, 95-ஆவது மருந்து. மருந்து என்று பெயரிட்டாரேயன்றி அவ்வதிகாரத்தில் பெரும்பாலும் உணவைப் பற்றியே பேசுகின்றார். முன் உண்டது அற்றதை அறிந்து, பசித்தபின், உடலுக்கு ஒத்ததை உண்க என்பது அதன் சாரம். கள்ளையும் சூதையும் விலக்கியவர் உணவை விலக்கச் சொல்லவில்லை, அளவறியச் சொன்னார். கிரேக்க ஞானி அரிஸ்டாட்டிலும் நடுநிலையைப் பற்றி எழுதுமிடத்தில், பத்துப் படி மிகுதி, இரண்டு படி குறைவு என்றால் எல்லார்க்கும் ஆறு படி சரி என்றாகாது. மிலோன் என்னும் மல்லனுக்குக் குறைவாயிருப்பது, புதிதாய்ப் பயிலத் தொடங்குவோனுக்கு மிகுதியாகும் என்ற கருத்தை விளக்குகின்றார். பால் வெட்டுவோர்க்கு இதனை நாம் சொல்ல வேண்டியதில்லை. கத்தி மேலாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போனால் உள்மரம் காயப்பட்டுப் பட்டை முண்டும் முடிச்சுமாய் வளர்ந்து, பின்னர் அவ்விடம் வெட்டுக்கு உதவாது. எந்த மரத்துக்கு எவ்வளவு என்பது கைக்குத் தெரியும்.

அந்த மல்லன் யார், பயிலத் தொடங்கியவன் யார் என்று நம் குடும்பங்களிலேயே பார்க்கலாம். பாட்டன் காலையில் மேடும் பள்ளமுமாய் ஐந்நூறு மரத்துக்கு நடந்தான். மாலையில் லயத்துக்குப் பின்னே கொத்தினான். வாரக்கணக்கில் கருவாடும் சோறும் உண்டான். அவனுக்கு ஆட்டிறைச்சியும் அதிரசமும் ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள். பேரனோ தோட்டம் துண்டாடப்பட்டபின், செனவாங்கிலோ நீலாயிலோ தொழிற்சாலை முறைவேலையில் நின்றும், காரியாலயத்தில் அமர்ந்தும் பிழைக்கின்றான். அவனுக்குக் கெட்டிப்பால் தேநீர் நாளைக்கு நான்கு. வாரத்துக்கொரு கல்யாணம், பிறந்தநாள், திறந்த இல்ல விருந்து. பாட்டனின் தீபாவளியைப் பேரன் மாதந்தோறும் கொண்டாடுகின்றான். பாட்டனின் நடையை மட்டும் ஒருநாளும் நடப்பதில்லை. 2019-இல் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், வயது வந்தோரில் நீரிழிவு உடையோர் நூற்றுக்கு 18 பேர். இந்தியரிடையே மட்டும் எண்ணினால் நூற்றுக்கு 31 பேர். பந்தியில் மூவர் அமர்ந்தால் ஒருவர் இலையில் இடப்படும் இனிப்பு அவருக்கு நோய் என்று கொள்ளலாம். பரம்பரையும் இதில் ஒரு காரணமே. ஆனால் பரம்பரையை மாற்ற இயலாது, பந்தியை மாற்ற இயலும்.

பந்தியில்தான் பெரிய இடையூறு இருக்கின்றது. நம்மவரின் விருந்தோம்பலில் ஒரு பலாத்காரம் கலந்திருப்பதை எவரும் பேசத் துணிவதில்லை. "வேண்டாம்" என்றால் "ஒன்றே ஒன்று" என்பர்; மறுபடியும் மறுத்தால், "எங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டீர்களோ?" என்று முகம் வாடுவர். சர்க்கரை நோயுள்ள பெரியவர் அந்த முகவாட்டத்துக்கு அஞ்சி நெய்யுருண்டையை விழுங்குகின்றார். வீடு வீடாய்ச் செல்லும் அன்று அவர் ஏழு வீட்டில் விழுங்குகின்றார். ஊசி போட வேண்டிய நேரத்தில் சிற்றப்பா வீட்டில் இருக்கின்றார்; மாத்திரை வீட்டுப் பெட்டியில் கிடக்கின்றது. "நல்ல நாளும் அதுவுமாய் மருந்தா?" என்று அபசகுனம் பார்ப்பவரும் உளர். நோய்க்கு நல்ல நாள் தெரியாது, ஐயா! மறுத்தவரை அவமதித்தவராக எண்ணும் வரையில், அளவறிந்து உண்ணுமாறு அவருக்கு உபதேசம் செய்வதில் பயனில்லை. அவர் அளவைக் கெடுப்பவர் உபசரிப்பவரே. விருந்தினர் ஒருமுறை "போதும்" என்றால் அதுவே போதும் என்று கொள்ளுதல், அன்பில் குறைவாகுமா, மிகுதியாகுமா என்பதை வாசகர்கள் தங்கள் வீட்டுப் பந்தியில் சோதித்துப் பார்க்கலாம்.

உறக்கத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இரவு முழுதும் சீட்டாடி, விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, வயிறு நிறைய உண்டு, உடனே கார் எடுத்து ஈப்போவுக்கோ ஜொகூருக்கோ புறப்படும் இளைஞர்கள், சாலையில் தங்கள் உயிரோடு பிறர் உயிரையும் பணயம் வைக்கின்றனர். வள்ளுவர் மருந்துக்கு முன்னே சூதை வைத்தது இவர்களுக்காகத்தானோ என்னவோ.

இவ்வளவும் ஆடவரைப் பற்றிப் பேசியாயிற்று. பெண்களுக்குப் பண்டிகை உண்டா என்பதை இனிமேல்தான் கேட்க வேண்டும். தோட்டத்திலும் அவள் ஆடவனைப் போலவே பால் வெட்டினாள். ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டு நிரைக்குப் போனாள். திரும்பி வந்து அடுப்பை மூட்டினாள். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அவளுக்கு இரவு வேலை தொடங்கும்: மாவிடித்தல், பாகு காய்ச்சல், முறுக்குப் பிழிதல், வீடு கழுவுதல். வேலை நாளில் அவளுக்கு இரண்டு வேலையென்றால், விடுமுறை நாளில் மூன்று. எல்லாரும் உண்டபின் ஆறிய சோற்றோடு அவள் அமரும்போது, அளவு மிஞ்சிவிடும் என்னும் அபாயம் அவளுக்கு மட்டும் இல்லை! லயம் போய் அடுக்குமாடி வந்த பிறகும், பலகாரம் கடையில் கிடைக்கும் இக்காலத்திலும், இம்முறை பெரிதும் மாறவில்லை. அவளும் இப்போது காலையில் பேருந்தேறித் தொழிற்சாலைக்குப் போகின்றாள் என்பதே வேற்றுமை. அவள் இரத்த அழுத்தத்தைப் பண்டிகைக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்த வீடு எது?

பலகாரத்தில் நான்கு வகையைக் குறைத்தால் குலப்பெருமை குன்றிவிடாது. பங்கு ஆட்டை வெட்டிக் கூறு போட்டவர்கள் எக்காலத்தும் ஆடவரே. அந்தக் கைகள் அடுப்பங்கரைக்கும் வரலாம். முறுக்கு உழக்கைப் பிடித்த கை ஆணுடையதென்று மாவு பிழிபட மறுக்காது.