போலியும் பொய்யும்

தமிழ் இலக்கணத்தில் போலி என்பது குற்றமன்று. அறம் என்னும் சொல் அறன் என நின்றாலும் பொருள் மாறுவதில்லை. மகரத்தின் இடத்தில் னகரம் வந்து நிற்கிறது, அவ்வளவே. இதனைக் கடைப்போலி என்று மாணாக்கருக்குக் கற்பிக்கும் ஆசிரியரே, கடைத்தெருவில் போலிச் சரக்கு என்னும் சொல் காதில் விழுந்ததும் பணப்பையை இறுகப் பற்றுகிறார். ஒன்றன் இடத்தில் மற்றொன்று நிற்பது எப்போது மரபாகிறது, எப்போது பொய்யாகிறது?

இவ்வினாவை எழுப்பப் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் பொருத்தமான இடமாகும். நாட்டின் முதல் சுதந்திர வாணிப வட்டாரம் 1972இல் இங்கே அமைந்தது. வயலும் கம்பமுமாக இருந்த நிலத்தில் இன்டெல் முதலிய நிறுவனங்களின் மின்னணு ஆலைகள் எழுந்தன. உருப்பெருக்கியில் கண் பதித்து, மயிரினும் மெல்லிய பொன்கம்பியைச் சில்லோடு பிணைக்கும் பணியில் இளம் பெண்கள் ஈடுபட்டனர். அத்தகைய சில்லுகள் கணிப்பொறிக்குள்ளும் செல்லும். இசைக் கருவிக்குள்ளும் செல்லும். இன்று திருமண மண்டபத்தில் ஒரே விசைப்பலகை நாகசுரமாகவும் வயலினாகவும் ஒலிக்கக் கேட்கும் முதியோர், “எல்லாம் போலி” என்று முகம் சுளிப்பதுண்டு. அவர்கள் கருதுவது எந்தப் போலியை?

விடை காண, மேனாட்டு ராக் இசை நல்லதொரு சோதனைக் களம். அவ்விசையில் கூட்டத்தைக் கிளர்ந்தெழச் செய்வது தனித்து முழங்கும் மின்கித்தாரின் குரல். 1970இல் வெளிவந்த மினிமூக் என்னும் சின்தசைசர், மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தையே சுருதியின் ஏற்ற இறக்கமாக மாற்றும் அனலாக் கருவியாகும். அதிலிருந்து கித்தாரின் குரலைப் பெற முனைவோர், இரண்டு அலையியற்றிகளைச் சற்றே சுருதி விலக்கி வைப்பர்; வடிகட்டியால் கூர்மையைக் குறைப்பர்; பின்னர்க் கித்தாருக்குரிய ஒலிபெருக்கியிலேயே அதனைச் செலுத்துவர். இவ்வளவு செய்தும் வருவது உயிரற்ற ஊதுகொம்பின் ஓசையே. ஏன்? அவர்கள் நகல் எடுத்தது குரலை, கையை அன்று.

கித்தார் கலைஞர் நரம்பைப் பக்கவாட்டில் தள்ளும்போது சுருதி மேலே ஏறுகிறது. அழுத்திய நரம்பை அவர் விரலால் தளர்த்திக் கீழே இறக்க இயலாது. ஏறிய சுரம் சிறிது நேரம் நின்ற பின்னரே அதில் அசைவு பிறக்கிறது. ஆகவே சின்தசைசர் கலைஞர் இடக்கையைச் சுருதிச் சக்கரத்தின்மேல் வைத்து, அந்த ஏற்றத்தை மட்டும் பழக வேண்டும். தம் கருவிக்கு எளிதான பலவற்றைக் கைவிடவும் வேண்டும். யான் ஹாமர் இதில் வல்லவர். ஜெஃப் பெக்குடன் அவர் இசைத்த ‘வயர்டு’ (1976) என்னும் இசைத்தட்டில் எது கித்தார், எது சின்தசைசர் என்று கேட்போர் மயங்குவர். பிறருடைய கருவியின் தடைகளைத் தாமே விரும்பி ஏற்றுக்கொண்ட உழைப்பைப் பொய் என்று ஒதுக்குவது நேர்மையாகாது.

நம் நாட்டவர் இதனை எளிதில் உணர்வர். இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்திருந்தது. அக்கருவியால் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுகிச் செல்ல இயலாது என்பது முதன்மையான குறை. கமகம் இல்லாத இடத்தில் குரலின் இனிமை மட்டும் இருந்து என்ன பயன்?

மூலம் எனப்படும் கித்தாரின் குரல்தானும் தூயதன்று. தாங்கும் அளவுக்கு மேல் முடுக்கப்பட்ட ஒலிபெருக்கியின் சிதைவே அக்கரகரப்பு. குவீன் குழுவினர் தம் இசைத்தட்டு உறைகளில், சின்தசைசர் பயன்படுத்தப்படவில்லை என்று பெருமிதத்தோடு அச்சிட்டு வந்தனர். அதே குழுவின் பிரையன் மே, 1975இல் ‘குட் கம்பெனி’ என்னும் பாடலில், ஜாஸ் வாத்தியக் குழு முழுவதையும் கித்தாரைக் கொண்டே ஒலிக்கச் செய்தார்! கித்தார் ஊதுகருவியைப் போல ஒலித்தால் கலை. மின்பெட்டி கித்தாரைப் போல ஒலித்தால் கள்ளம் என்பது என்ன வழக்கு? 1980இல் ‘தி கேம்’ இசைத்தட்டில் முதன்முறையாகச் சின்தசைசரைக் கையாண்டபோது, அச்செய்தியையும் அவர்கள் உறையில் அச்சிட்டனர். பொய்க்கு அங்கே இடமே இல்லாது போயிற்று.

ஆனால் உறையில் எழுதிய உண்மை எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. 1982இல் பிரிட்டன் இசைக் கலைஞர் சங்கத்தின் மத்திய இலண்டன் கிளை, பிற கருவிகளின் ஒலியை உண்டாக்கும் மின்கருவிகளுக்குத் தடை கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அதைப் பழமைவாதம் என்று சிலர் நகைத்தனர். வயலின் வாசித்து வாழ்ந்தவர்க்கு அது நகைப்புக்கு உரியதாக இருந்திருக்க முடியாது. தடை தவறான மருந்தே, நோய் மெய்யானது.

திருமண வீட்டார் நாகசுரக் குழுவை விலக்கி விசைப்பலகை ஒன்றை அமர்த்தும்போது விருந்தினர் எவரையும் ஏமாற்றுவதில்லை. கருவி எல்லார் கண்ணெதிரிலும் இருக்கிறது. சிக்கனத்துக்காக அவர்களைப் பழிப்பதும் முறையன்று. ஆயினும், அழைக்கப்படாத அந்த நாகசுரக் கலைஞரின் மகன் நாளை விடியற்காலையில் சீவாளியை வாயில் வைத்துப் பழகுவானா என்று அவர்கள் கேட்டுப் பார்ப்பதில்லை.